மேட்டில் எழுதிய ஊர்

எங்கள் ஊர் எங்கே இருக்கிறது என்பதில் எங்களுக்கும் அரசாங்கத்துக்கும் ஒரு சின்னக் கருத்து வேறுபாடு இருந்தது. ஊருக்குள்ளேயே குடியிருந்ததால் அது ஆற்றோரப் பள்ளத்தில் இருப்பதாக நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். ஊருக்குள் ஒரு நாளும் கால் வைக்காததால் அது மேட்டில் இருப்பதாக அரசாங்கம் நினைத்துக்கொண்டிருந்தது. இந்த மாதிரி விவகாரங்களில் குடியிருக்கிறவன் பேச்சு எடுபடாது என்பதை நான் அப்போது அறியவில்லை.

ஊர் பெயர் சீகலப்பள்ளி. ஓசூரிலிருந்து பஸ் பிடித்து இறங்கி, தென்பெண்ணை ஆற்றை நோக்கி நடந்தால் முதலில் ஒரு மொட்டை மேடு வரும். அதைத் தாண்டிச் சரிவில் இறங்கினால் ஊர். நான் பக்கத்திலிருக்கும் பேரிகை ஊர்க்காரி, பெயர் முனிலட்சுமி. ராஜப்பனைக் கட்டிக்கொண்டு இந்த ஊருக்கு வந்தேன். அவருக்கு நிலத்தில் பாடு. எனக்கு ஓசூர் சிப்காட்டில் ஒரு கம்பெனியில் மோட்டாருக்குச் செம்புக் கம்பியைக் காயிலாகச் சுற்றும் வேலை. கம்பி சுற்றிச் சுற்றி வந்த சம்பளத்தில்தான் மாமனாரின் கூரை வீட்டுக்குப் பக்கத்தில் எங்களுக்கென்று ஒரு ஓட்டு வீடு எழுப்பினோம். கல் தூண் வைத்து, சமையலறைக்குத் தனியாகப் புகைக்கூண்டு வைத்துக் கட்டிய வீடு. அந்தப் புகைக்கூண்டைப் பார்க்கவே பக்கத்து ஊரிலிருந்து பெண்கள் வந்தார்கள். எனக்கு அதில் கர்வம் இருந்தது, இல்லையென்று சொல்லமாட்டேன்.

எண்பதுகளின் நடுவில் கீழே ஆற்றுக்குக் குறுக்கே அணை கட்ட ஆரம்பித்தார்கள். தண்ணீரில் மூழ்கப்போகும் ஊர்களின் பட்டியலைப் பஞ்சாயத்து ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள். பட்டியலில் இருக்கும் ஊருக்கு மாற்று இடம் உண்டு, வீடு கட்டிக்கொள்ள மனை உண்டு. எங்கள் ஊர்ப் பெயர் அதில் இல்லை. உடனே ஊரே சந்தோஷத்தில் குதித்தது. மாரியம்மனுக்குப் பொங்கல் வைத்தார்கள். ஊருக்கு நாட்டாமையான என் மாமனார் திம்மப்பன் புது வேட்டி கட்டிக்கொண்டு, தண்ணீர் நம் ஊர் எல்லையில் வந்து நின்று, ஒரு கும்பிடு போட்டுவிட்டுத் திரும்பிப் போய்விடும் என்கிற தோரணையில் நடந்தார்.

எனக்கு மட்டும் பொங்கல் தொண்டையில் இறங்கவில்லை. அணைக்காரர்கள் தண்ணீர் எதுவரை ஏறும் என்று காட்டச் சுண்ணாம்பு அடித்த கற்களை நட்டிருந்தார்கள். வேலைக்குப் போகச் சரிவில் ஏறும்போது தினமும் அந்தக் கற்களைத் தாண்டித்தான் போவேன். கல்லுக்குப் பக்கத்தில் நின்று திரும்பிப் பார்த்தால், என் வீட்டுப் புகைக்கூண்டு எனக்குக் கீழே தெரியும். தண்ணீர் கல் வரைக்கும் வரும், ஆனால் கல்லுக்குக் கீழே இருக்கும் என் வீட்டுக்கு வராது. இதை எந்தப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக்கொடுக்கிறார்கள் என்று எனக்குத் தெரியவில்லை.

"பட்டியல்ல பேரு இல்லாட்டி நமக்கு மனை இல்ல. தண்ணி வந்தா நிக்க எடமில்ல. வாங்க, போயி கேக்கலாம்" என்று ராஜப்பனை இழுத்துக்கொண்டு கிருஷ்ணகிரிக்குப் போனேன். அவர் அதிகாரிக்குக் கொடுக்க ஒரு கூடை மாம்பழம் தூக்கிக்கொண்டார். மாம்பழம் விளைகிற கிருஷ்ணகிரிக்கே மாம்பழம் கொண்டுபோகிற மனிதரை நம்பித்தான் நான் குடித்தனம் நடத்தினேன்.

அணைத் திட்ட ஆபீசில் எங்களைப் பார்த்தவர் அழகர்சாமி என்ற இன்ஜினியர். மதுரைப் பக்கத்துக்காரர். நல்ல மனிதர்தான். கெட்டவராக இருந்திருந்தால் திட்டிவிட்டாவது வந்திருக்கலாம். ஊர்ப் பெயரைக் கேட்டதும் பீரோவைத் திறந்து, துணி ஒட்டிய ஒரு பெரிய வரைபடத்தை எடுத்து மேசையில் விரித்தார். மடிப்பெல்லாம் பழுப்பேறிப் போயிருந்தது. ஆறு நீலமாக நெளிந்தது. அதன் இரண்டு கரையிலும் மேட்டையும் சரிவையும் காட்டும் காவி நிறக் கோடுகள், ஒன்றுக்குள் ஒன்றாக வளைந்து வளைந்து ஓடின. எனக்கு நான் சுற்றும் காயில் ஞாபகம் வந்தது. நிஜமாகவே அழகாக இருந்தது. யார் வரைந்தாலும் பொறுமையாக வரைந்திருக்கிறார்கள் என்று மனதுக்குள் மெச்சினேன்.

"இந்தா இருக்கு பாருங்க சீகலப்பள்ளி" என்று சிவப்புப் புள்ளிகள் மேல் விரல் வைத்தார். "மேட்டுல. தண்ணி இந்தக் கோட்டோட நின்னுரும். உங்க ஊருக்கு ஒண்ணும் ஆகாதும்மா. சந்தோசமாப் போயிட்டு வாங்க."

"சார், எங்க ஊரு மேட்டுல இல்லீங்க. பள்ளத்துல இருக்குது."

"பள்ளத்துலயா?" மூக்குக்கண்ணாடியை இறக்கிக்கொண்டு பார்த்தார். "பள்ளத்துல இருக்கறது பாழூரும்மா. ஆள் இல்லாத ஊருன்னு இங்கிலீஷ்ல எழுதியிருக்கான் பாருங்க."

"அங்க நாங்க இருக்கறோம் சார்."

"எப்பயிருந்து?"

ராஜப்பன் அதுவரை வாய் திறக்காதவர், தெரிந்த கேள்வி வந்த உற்சாகத்தில், "பொறந்ததுலருந்துங்க" என்றார்.

"அப்ப ஆக்கிரமிப்புல்ல?" என்றார் அழகர்சாமி, வருத்தத்தோடு.

நான் ரேஷன் கார்டை எடுத்து நீட்டினேன். அதை வாங்கி, கவனமாகப் படித்து, முகம் மலர்ந்தார். "இந்தா, கார்டுலயே போட்டிருக்கே, சீகலப்பள்ளின்னு. சீகலப்பள்ளி எங்க இருக்கு? மேட்டுல. அப்ப நீங்க மேட்டுலதான இருக்கீக!" வாக்காளர் பட்டியல், மின்சார ரசீது, என் கம்பெனி அடையாள அட்டை என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். எல்லாவற்றிலும் சீகலப்பள்ளி என்றே இருந்தது. நான் சீகலப்பள்ளிக்காரி என்று எவ்வளவுக்கெவ்வளவு நிரூபித்தேனோ, அவ்வளவுக்கவ்வளவு மேட்டில் ஏறிக்கொண்டே போனேன்.

"படத்துல தப்பு இருக்கக் கூடாதுங்களா?"

"இது வெள்ளைக்காரன் காலத்துப் படம்மா. அவன் போட்ட பாலத்துல இன்னைக்கும் ரயில் ஓடுது."

"அதுக்கப்பறம் யாரும் வந்து பாக்கலீங்களா?"

"பாக்காம இருப்பாகளா? இந்தா, திருத்திய பதிப்புன்னு போட்டிருக்கே." திருத்தியவர்கள் படத்தில் ரோட்டுக்குப் புது வர்ணம் அடித்திருந்தார்கள். எங்களை எழுப்பித் தொந்தரவு செய்யவில்லை.

ஊர் நத்தத்தின் புலப்படத்தை, அதாவது குடியிருப்பு நிலத்தை அளந்து வரைந்த படத்தை, ஓசூர் தாலுகா ஆபீசில் வாங்கி வந்தால் பார்க்கலாம் என்றார். தாலுகா ஆபீசில் கேட்டோம். அது அணை வேலைக்காகத் திட்ட ஆபீசுக்குப் போயிருக்கிறது என்றார்கள். திட்ட ஆபீசில் கேட்டோம். அது எப்போதும் தாலுகா ஆபீசில்தான் இருக்கும் என்றார்கள். இரண்டு ஆபீசுக்கும் நடுவில் ஓடிய பஸ்காரன்தான் இதில் லாபம் பார்த்தான்.

முதல் நாள் திரும்பி வரும்போதே, சூளகிரி தாண்டும் முன், எனக்கு ஏதோ பொறி தட்டியது. அந்த மேட்டில் நான் பார்த்த ஒரே ஊர் அடையாளம், கரி பிடித்த அடுப்புக் கற்கள். பஸ்ஸிலேயே சிரித்துவிட்டேன்.

"என்னாத்துக்கு சிரிக்கற?" என்றார் ராஜப்பன்.

"உங்க முப்பாட்டன் குடுத்த மோரு இன்னும் செரிக்கலீங்க."

மோர்க் கதையைச் சொல்லிவிடுகிறேன். எங்கள் ஊரில் ஊர் விடுவது என்று ஒரு வழக்கம் உண்டு. மழை பொய்த்தாலோ, அம்மை போட்டாலோ, ஏதாவது பெரிய காரியம் முன்னால் நின்றாலோ, அம்மனிடம் பூக் கேட்டு ஒரு நாள் குறிப்பார்கள். அன்று பொழுது விடியும் முன்னால் எல்லா அடுப்பையும் அணைத்துவிட்டு, ஆள், மாடு, ஆடு, கோழி, நாய் எல்லாம் ஊரை விட்டு மேட்டுக்கு ஏறிவிட வேண்டும். ஊர் வாசலில் முள் போட்டு அடைத்துவிடுவார்கள். அன்று முழுக்க ஊருக்குள் மாரியம்மன் தனியாக உலா வருவாள் என்று நம்பிக்கை. யாரும் எதிரில் படக் கூடாது. மேட்டில் தழைப் பந்தல் போட்டு, சமைத்துச் சாப்பிட்டு, விளக்கு வைக்கும் நேரத்துக்குத்தான் இறங்குவோம். அப்படி ஒரு நாளில், வெகு காலத்துக்கு முன், மூன்று கால் பலகையைத் தூக்கிக்கொண்டு நாட்டை அளந்துகொண்டு வந்த ஒரு துரைக்கு என் மாமனாரின் தாத்தா மேட்டில் வைத்து மோர் கொடுத்தாராம். கல்யாணமானாலும் கருமாதியானாலும் என் மாமனார் இதைச் சொல்லாமல் இலையை விட்டு எழுந்திருக்கமாட்டார்.

வீட்டுக்கு வந்ததும் அவரிடம் கேட்டேன். "மாமா, அந்த துரை கீழ இருக்கற வூடெல்லாம் யாருதுன்னு கேட்டாரா?"

"கேக்காம? 'இன்னிக்கு அங்க யாரும் இல்ல துரை, யாரும் போவவும் கூடாது'ன்னு தாத்தா கறாரா சொல்லிப்புட்டாரு. துரையும் மரியாத தெரிஞ்சவரு, போவல. இது எந்த ஊருன்னு கேட்டாரு, சீகலப்பள்ளின்னு சொன்னாரு தாத்தா. எழுதிக்கினாரு."

"அவரு எழுதிக்கினதாலதான் மாமா இன்னிக்கு நமக்கு மனை இல்ல. மேட்டுல ஊரு இருக்குதுன்னும், நம்ம ஊரு பாழூருன்னும் எழுதி வச்சிட்டுப் போயிருக்கறாரு."

மாமனார் தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். எனக்குக் கொஞ்சம் பாவமாகக்கூட இருந்தது. பிறகு மெல்ல அவர் மீசை விரிந்தது. "அப்ப எங்க தாத்தா சொன்னதுதான் சர்க்கார் படத்துல இன்னிக்கும் இருக்குதா!" என்றார். அன்று சாயங்காலத்துக்குள் ஊரெல்லாம் இந்தப் பெருமையைச் சொல்லி முடித்துவிட்டார்.

நான் விடவில்லை. லீவு போட்டு, சம்பளம் போனாலும் பரவாயில்லை என்று கிருஷ்ணகிரிக்கு நடையாய் நடந்தேன். கடைசியில் என் முகத்தைப் பார்த்து அலுத்துப்போய் அழகர்சாமி ஒரு வழிக்கு வந்தார். "நேர்ல வந்து பாக்குறேன்மா. பள்ளத்துல குடியிருப்பு இருந்தா எழுதிர்றேன். அடுத்த வாரமே பட்டியல முடிச்சு அனுப்பியாகணும். அதுக்கு மேல எங் கையில இல்ல." ஒரே ஒரு தடவை ஒரு அதிகாரி எங்கள் ஊருக்குள் இறங்கி வந்தால் போதும். வீடும் வாசலும் அடுப்பும் ஆளும் அவர் கண்ணில் பட்டால் போதும். அதற்காகத்தான் அத்தனை அலைச்சல்.

செவ்வாய்க்கிழமை வருவதாக நாட்டாமை பெயருக்குக் கார்டு வந்தது. ஊர் கூடியது. அதிகாரி வருகிறார், இது பெரிய காரியம், பெரிய காரியத்துக்கு முன்னால் அம்மனிடம் கேட்காமல் இருக்கலாமா என்றார் பூசாரி கங்கப்பன். கேட்டார்கள். அம்மன் தலையில் வைத்த பூ வலப்பக்கம் விழுந்தது. அந்தச் செவ்வாய்க்கிழமையே ஊர் விட வேண்டும் என்று உத்தரவாகிவிட்டது.

எனக்குத் தலையில் கல்லைத் தூக்கிப் போட்ட மாதிரி இருந்தது. "பூசாரி, வேற நாளு கேளுங்க" என்றேன்.

"தேதிய மாத்தச் சொல்ல அம்மா என்ன உங்க கம்பெனி மேனேஜரா?" என்றார் கங்கப்பன். எல்லோரும் சிரித்தார்கள்.

"மாமா, நீங்களாச்சும் சொல்லுங்க. ஊருல ஆளு இருக்குதான்னு பாக்க வர்றாங்க. அன்னிக்குப் பாத்து எல்லாரும் மேட்டுக்குப் போயிட்டா அவரு யாரப் பாப்பாரு?"

"நாங்க மேட்டுலருந்தே கையக் காட்டி வெவரமா சொல்றோம்மா. அவரு படிச்சவரு, புரிஞ்சிக்க மாட்டாரா?" என்றார் மாமனார். "சாப்பாடு போடணும். கோழி அடிச்சிடலாம். மோரு நான் பாத்துக்கறேன்."

நாட்டில் எத்தனையோ ஊர்கள் வெள்ளத்தில் போயிருக்கின்றன, நெருப்பில் போயிருக்கின்றன. தன்னைப் பார்க்க வருகிறார்கள் என்று தெரிந்ததும் பெட்டி படுக்கையோடு எழுந்து ஒளிந்துகொண்ட ஊர் எங்களுடையதாகத்தான் இருக்கும்.

அன்று சமையலறையில் ராஜப்பனிடம் முடிவைச் சொன்னேன். "நான் ஊரு விடல. வூட்டுலயே இருக்கப் போறேன். அடுப்பு மூட்டுவேன். நம்ம புகைக்கூண்டுல பொக போறத சார் மேட்டுலருந்தே பாக்கட்டும்."

அவர் பயந்துபோனார். "லட்சுமி, வேணா. அம்மா எதிர்ல வந்தா என்னா பண்ணுவ? ஊருக்கே ஆவாதும்பாங்க."

"ஊரு இருந்தாத்தான ஆவறதும் ஆவாததும்? நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சாருகிட்ட பொகையக் காட்டி, 'அது எங்க வூடு, எம் பொண்டாட்டி அங்க இருக்கறா'ன்னு சொல்லிக் கையோட கூட்டிட்டு வாங்க. போதும். முள்ள நான் ஒதுக்கி வைக்கறேன், பழி என்மேலயே வரட்டும்."

அடுப்பிலிருந்து நழுவிய விறகை உள்ளே தள்ளிவிட்டு, "சரி, கூட்டிட்டு வர்றேன்" என்றார். நான் நம்பினேன். மாம்பழம் தூக்கினாலும் சொன்ன சொல் தவறாதவர் என்றுதான் அதுவரை அவரைப் பற்றி நினைத்திருந்தேன்.

செவ்வாய்க்கிழமை விடியும் முன் ஊர் கிளம்பியது. நான் நெல் குதிருக்குப் பின்னால் உட்கார்ந்துகொண்டேன். மாடுகளின் மணி, பிள்ளைகளின் அழுகை, கோழிகளின் கூப்பாடு எல்லாம் சரிவில் ஏறி மறைந்தன. அப்புறம் வந்த அமைதியை நான் அதற்கு முன் கேட்டதில்லை. பயமில்லை என்று சொன்னால் பொய். தெருவில் காற்றுக்கு ஒரு கதவு ஆடினால்கூட அம்மன்தான் வருகிறாள் என்று குதிருக்குப் பின்னால் ஒடுங்கினேன். "தாயி, உனக்கும்தான் இங்க கோவில் இருக்குது. தண்ணி வந்தா நீயும் முழுவிடுவ. உனக்காகவும்தான் இருக்கறேன், கோச்சிக்காத" என்று வாய்விட்டே சொன்னேன். சொன்னதும் கொஞ்சம் தைரியம் வந்தது.

வாசல் தெளித்துக் கோலம் போட்டேன். அடுப்பில் ஈர விறகை வைத்துப் பற்றவைத்தேன். என் புகைக்கூண்டு வஞ்சகமில்லாமல் புகைந்தது. கம்பெனி சிம்னிகூட அவ்வளவு அழகாகப் புகைவிட்டு நான் பார்த்ததில்லை. காபிக்குப் பாலைச் சுண்டவைத்து, எவர்சில்வர் டம்ளரைத் துலக்கிக் கவிழ்த்துவைத்தேன். ஊர் வாசல் முள்ளை ஓர் ஆள் நுழையும் அளவுக்கு ஒதுக்கினேன். பிறகு வாசலில் வந்து உட்கார்ந்தேன்.

மேட்டில் ஜீப் வந்து நின்றது. தாரை தப்பட்டை கேட்டது. மாலை போடுகிறார்கள் என்று புரிந்தது. பிறகு வெகு நேரம் ஒன்றும் கேட்கவில்லை. சாப்பிடுகிறார்கள். சாப்பிட்டு இறங்குவார்கள் என்று பாலை மறுபடி சூடாக்கினேன். மேட்டு விளிம்பில் தெரியும் ஒவ்வொரு தலையும் ராஜப்பன் தலையாகவே தெரிந்தது. ஈர விறகு தீர்ந்து, பச்சைத் தழையைப் போட்டு ஊதினேன். கண்ணெல்லாம் எரிந்தது.

ஜீப் கிளம்பும் சத்தம் கேட்டது. இறங்கி வரும் சத்தமல்ல. ரோட்டை நோக்கிப் போகும் சத்தம்.

எழுந்து ஓடினேன். அவசரத்தில் ஒதுக்கிய வழியை விட்டு முள்ளையே மிதித்துக்கொண்டு போயிருக்கிறேன். காலில் ரத்தம் வந்ததே மேட்டுக்கு ஏறிய பின்தான் தெரிந்தது. அங்கே எச்சில் இலைகளும், மோர்ப் பானையும், மாலையின் உதிர்ந்த பூக்களும் கிடந்தன. தழைப் பந்தலுக்குக் கீழே எல்லோரும் என்னைப் பேயைப் பார்ப்பதுபோலப் பார்த்தார்கள். கங்கப்பன் கன்னத்தில் போட்டுக்கொண்டார். அதிகாரி போய்விட்டார்.

பக்கத்து வீட்டு சாந்தம்மாதான் என் கையைப் பிடித்து உட்காரவைத்தாள். "சாரு நல்லாத்தான் பாத்தாரு அக்கா. பந்தல், அடுப்பு, மாடுங்க எல்லாத்தயும் பாத்துட்டு, 'படம் சரியாத்தான் இருக்கு'ன்னாரு. நாட்டாம கீழ கையக் காட்டி, 'ஊரு அங்க இருக்குதுங்க, இன்னிக்கு மட்டும் விட்டுட்டு வந்திருக்கறோம்'னு சொன்னாரு. சாரு சிரிச்சாரு. அப்பறம் உங்க வூட்டுப் பொக தெரிஞ்சுது. 'ஆளே இல்லேங்கறீக, அங்க யாரோ அடுப்பு மூட்டியிருக்காகளே'ன்னு கேட்டாரு."

"யாரு பதில் சொன்னாங்க?"

சாந்தம்மா முந்தானையால் என் கால் ரத்தத்தை ஒற்றினாள். "ஊரு வாயே தொறக்கல. ஊரு விட்ட நாள்ல உள்ள ஆளு இருக்குதுன்னு எப்புடிச் சொல்றது? பூசாரி உங்க வூட்டுக்காரரையே மொறச்சிக்கினு நின்னாரு. கடைசியில உங்க வூட்டுக்காரருதான் சொன்னாரு."

"என்னான்னு?"

"'அங்க யாரும் இல்லீங்க சார்'ன்னு."

ராஜப்பன் பந்தல் காலைப் பிடித்துக்கொண்டு நின்றிருந்தார். "ஊரே பாத்துட்டு இருந்துச்சு, லட்சுமி" என்றார். எனக்கு அவர்மேல் வந்த கோபத்தை இன்றுவரை அளந்து முடிக்கவில்லை. துரை செய்தது தெரியாமல் செய்தது. அழகர்சாமி செய்தது படத்தை நம்பிச் செய்தது. என்னோடு ஒரே கூரையில் குடியிருந்த மனிதர், அந்தக் கூரையின் புகையைப் பார்த்துக்கொண்டே யாரும் இல்லை என்று சொன்னார்.

அழகர்சாமி அறிக்கையை அங்கேயே எழுதி, மாமனாரிடம் கையெழுத்தும் வாங்கிக்கொண்டு போயிருந்தார். சீகலப்பள்ளி மேட்டில் இருப்பது நேரில் உறுதி செய்யப்பட்டது, ஊரார் கால்நடைகளுடன் அங்கே வசிக்கிறார்கள், பள்ளத்தில் குடியிருப்பு இல்லை. மாமனாருக்கு இங்கிலீஷ் தெரியாது, கையெழுத்து மட்டும் வரும். அடியில் கோடெல்லாம் இழுத்து, பிரமாதமாகப் போட்டிருந்தார். அப்புறம் நான் எத்தனை மனு எழுதினாலும், உங்கள் நாட்டாமையே ஒப்புக்கொண்டுவிட்டாரே என்று அந்தக் கையெழுத்தையே திருப்பிக் காட்டினார்கள்.

அணையின் கதவை இறக்கிய அந்த மழைக்காலத்தில் தண்ணீர் வந்தது. பட்டியலைப் பார்த்துவிட்டு வரவில்லை. முதலில் தோட்டத்துக்கு வந்தது, பிறகு தெருவுக்கு. முதல் வேலையாக மாரியம்மனைத் தூக்கி மேட்டில் வைத்தோம். பிறகு கதவு, ஜன்னல், உத்திரம், ஓடு என்று கழற்றித் தலைச்சுமையாக ஏற்றினோம். புகைக்கூண்டைக் கழற்ற முடியவில்லை. தண்ணீர் வீட்டுக்குள் ஏறிய பின்னும் அது கொஞ்ச நாள் தலையை நீட்டிக்கொண்டு நின்றது, என்னைத் தேடுவது போல. பிறகு அதுவும் போயிற்று. போக வேறு இடமில்லாததால் ஊர் முழுவதும் மேட்டிலேயே தழைப் பந்தல் போட்டுக்கொண்டு குடியேறியது. அழகர்சாமி அப்போது வேறு ஊருக்கு மாற்றலாகிப் போயிருந்தார். இருந்திருந்தால் எவ்வளவு சந்தோஷப்பட்டிருப்பார் என்று நினைத்துக்கொண்டேன். படத்தில் ஒரு தப்பும் இல்லை. துரை சரியாகத்தான் எழுதினார், நாங்கள்தான் அவர் எழுதிய இடத்துக்கு வந்து சேர இவ்வளவு தாமதம் செய்துவிட்டோம்.

ராஜப்பனை விட்டுப் போகவில்லை. சமைத்துப் போட்டேன், காய்ச்சல் வந்தால் கஷாயம் கொடுத்தேன், கம்பெனிக்குப் போய் வந்தேன். ஒன்று மட்டும் செய்தேன். அவர் வெளியே நின்று "லட்சுமி" என்று கூப்பிட்டால், உள்ளேயிருந்து "இங்க யாரும் இல்லீங்க" என்பேன். முதலில் ஊர் சிரித்தது. பிறகு பழகிக்கொண்டது. அவர் ஒரு தடவைகூடச் சிரிக்கவில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் நின்று, தலையைக் குனிந்துகொண்டு உள்ளே வருவார். வருஷங்கள் இப்படியே போயின. தழைப் பந்தல் சிமென்ட் ஷீட் ஆயிற்று. மாமனார் மட்டும் வயதாகியும் மோர்க் கதையை விடவில்லை.

தொண்ணூறுகளில் ஒரு நாள், அதே படத்தைப் புதுப்பிக்கிறோம் என்று சின்னராஜ் என்ற சர்வேயர் வந்தார். விமானத்திலிருந்து எடுத்த போட்டோவையும் பழைய வரைபட ஷீட்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துக்கொண்டு ஒவ்வொன்றாகச் சரிபார்த்தார். நான் உள்ளே அரிசி புடைத்துக்கொண்டிருந்தேன். எங்கள் வாசலில்தான் கட்டில் போட்டு உட்காரவைத்திருந்தார்கள். மாமனார், கங்கப்பன், ராஜப்பன் எல்லோரும் சுற்றி நின்றார்கள்.

"சீகலப்பள்ளி, மேட்டுல. கரெக்டா இருக்குது" என்று குறித்துக்கொண்டார். பிறகு தண்ணீரைக் காட்டி, "பழைய ஷீட்ல அங்க ஒரு பாழூர் போட்டிருக்காங்க. தண்ணி வரும்போது அங்க யாராவது இருந்தாங்களா?" என்று கேட்டார்.

மாமனார் தொண்டையைச் செருமினார். கங்கப்பன் மேட்டு மாரியம்மனைப் பார்த்தார். எனக்கு முறத்தில் கை நின்றுவிட்டது.

"இருந்தாங்க" என்றார் ராஜப்பன்.

"யாரு?"

"எம் பொண்டாட்டி. அணை ஆபீசு சாரு வந்த அன்னிக்கு அடுப்பு மூட்டி ஒக்காந்திருந்தா. எம் பேச்ச நம்பி ஒக்காந்திருந்தா."

"ஒருத்தர் மட்டுமா?"

"அவ ஒருத்திதாங்க. நாங்கெல்லாம் இங்க நின்னு கோழி தின்னுக்கிட்டு இருந்தோம். எழுதிக்கிங்க சார்." கங்கப்பன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். ராஜப்பன் அவர் பக்கம் திரும்பவே இல்லை.

சின்னராஜ் பென்சிலை வைத்துக்கொண்டு தடுமாறினார். "அதுக்கெல்லாம் படத்துல போட எங்ககிட்ட குறி இல்லீங்க. தண்ணி நிக்கற எடத்துக்கு நீலம் அடிச்சிடுவோம், அவ்ளோதான்" என்றார். வெயிலில் வந்த களைப்பில், குடிக்க ஏதாவது கிடைக்குமா என்றும் கேட்டார்.

மாமனார் உற்சாகமாகிவிட்டார். "மோரு குடுங்க, மோரு!"

"லட்சுமி, மோரு இருக்குதா?" என்று ராஜப்பன் வாசலிலிருந்து கூப்பிட்டார். கூப்பிட்டுவிட்டு, வழக்கமான பதிலுக்காகத் தலையைக் குனிந்துகொண்டார்.

முறத்தைக் கீழே வைத்தேன். கண்ணைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்து அவர் எதிரில் நின்றேன்.

"நான் இருக்கறேன்" என்றேன். "மோருதான் இல்ல. தண்ணி வேணா குடுங்க. நம்ம வூட்டு மேலயே நெறைய நிக்குது."